மாற்று: எதற்கு, யாருக்கு?

1

‘கெட்டுப்போன அரசாங்க நிறுவனத்தோடு முட்டிக்கொண்டு என்ன ஆகப்போகிறது? பக்கத்திலேயே நாம் ஒன்றைக் கட்டி நடத்திக் காட்டுவோம். அதைப் பார்த்து அதுவும் திருந்தும். திருந்தாவிட்டால் ஆளில்லாமல் தானாக மூடிக்கொள்ளும்.’ கடந்த நூறு வருஷத்தில் தமிழ்நாட்டில் காந்தியர்கள், இடதுசாரிகள், சுயமரியாதைக்காரர்கள், தலித் தலைவர்கள், சிறுபத்திரிகைக்காரர்கள் என்று வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள் எல்லோரும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான் போலிருக்கிறது. இரவுப் பாடசாலை, படிப்பகம், கூட்டுறவுப் பண்டகசாலை, ஆதாரப் பள்ளி, மாற்றுப் பள்ளி, மாற்று சினிமா என்று பட்டியல் நீளும். ‘மாற்று’ என்ற சொல் இன்று நற்சான்றிதழ் மாதிரி ஆகிவிட்டது. அதைப் பெயருக்கு முன்னால் ஒட்டிவிட்டால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்பதில்லை.

கேட்கவேண்டியது ரொம்ப எளிமையான ஒரு கேள்வி. பக்கத்தில் இன்னொன்றைக் கட்டிய பிறகு பழையது என்ன ஆயிற்று? புதியது எவ்வளவு அழகாக நடந்தது, எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்று ஆண்டறிக்கை வாசிப்பது வேறு. எந்தப் பொது நிறுவனம் சரியில்லை என்று சொல்லி இதை ஆரம்பித்தோமோ, அந்தப் பொது நிறுவனம் அசைந்ததா என்று பார்ப்பது வேறு. இரண்டாவதைப் பேசாத எந்தப் பேச்சும் சீர்திருத்தம் பற்றிய பேச்சாகாது, நற்பணி பற்றிய பேச்சாகத்தான் இருக்கும்.

திண்டுக்கல் வட்டாரத்தை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். மூன்று வேறுவேறு விதமான ‘பக்கத்து நிறுவனங்கள்’ இந்த மண்ணோடு சம்பந்தப்பட்டவை. ஒன்று காந்திகிராமம். இன்னொன்று கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். மூன்றாவது, வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பா சென்னையில் நடத்திய ‘எழுத்து’.

2

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரை ரயில் நிலையத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. வெள்ளைக்காரன் விட்டுப்போன பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் மூன்றுமே கிராமத்துக்கு அந்நியமானவை, அவற்றைத் திருத்துவதைவிட வேறொரு மாதிரியைக் கட்டி எழுப்புவதே சரி என்பது அவர்களுடைய நம்பிக்கை. 1937இல் வார்தாவில் முன்வைக்கப்பட்ட ஆதாரக் கல்வி அந்த நம்பிக்கையின் பள்ளிக்கூட வடிவம். உயர்கல்வியில் ராதாகிருஷ்ணன் குழு 1948-49இலேயே கிராமியப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று சொல்லியிருந்தது. 1956இல் காந்திகிராமத்தில் கிராமிய உயர்கல்வி நிறுவனம் வந்தது.

பின்னால் நடந்தது என்ன? 1976இல் அந்த நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள், தேர்வுமுறை, சம்பள விகிதம், தரமதிப்பீடு எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. எந்தப் பல்கலைக்கழக அமைப்புக்கு மாற்றாக எழுந்ததோ அதே அமைப்பின் ஓர் உறுப்பினராக அது ஆயிற்று. இதைத் துரோகம் என்று வைவது சுலபம். ஆனால் பட்டத்துக்கு மதிப்பு வேண்டும், வேலை வேண்டும் என்று படிக்க வந்த கிராமத்துப் பிள்ளைகள் கேட்டது நியாயமான கோரிக்கை. வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிப் படி ஏறிய எத்தனையோ பேருக்கு அந்த வளாகம் கதவு திறந்திருக்கிறது. என் கவலை வேறு. பல்கலைக்கழக அமைப்பு காந்திகிராமத்தை மாற்றியது கண்ணுக்குத் தெரிகிறது. காந்திகிராமம் பல்கலைக்கழக அமைப்பை எங்கே மாற்றியது? மாணவர்கள் கிராமத்துக்குப் போக வேண்டும் என்ற கருத்து மற்ற கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்தபோது, 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் சில நாள் முகாமாக, சான்றிதழுக்கான ஒரு சடங்காகத்தான் வந்து சேர்ந்தது.

ஆதாரக் கல்வியின் கதை இதைவிடச் சிக்கலானது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளி, அரைநாள் வீட்டுத் தொழில் என்ற திட்டத்தைக் ‘குலக்கல்வி’ என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள். அடுத்த வருஷமே அது கைவிடப்பட்டது. ஆதாரக் கல்வியும் குலக்கல்வியும் ஒன்றல்ல என்று காந்தியர்கள் விளக்கம் சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழிலுக்கு என்றே ஒதுக்கப்பட்டவனிடம் போய், ‘கையால் வேலை செய்வதே உயர்ந்த கல்வி’ என்று சொன்னால் அவன் காதில் அது எப்படி விழும்? ‘எங்க அப்பனும் பாட்டனும் அதைத்தானே பண்ணிக்கிட்டிருந்தாங்க. அக்ரகாரத்துப் பிள்ளை படிக்கிற படிப்பையே எங்களுக்கும் குடுங்க’ என்பதுதான் அன்றைய எதிர்ப்பின் சாரம். மாற்றைக் கட்டியவர்கள் பொதுப் பள்ளியை ஆன்மா இல்லாதது என்று பார்த்தார்கள். வெளியே நிறுத்தப்பட்டவர்களோ அந்தப் பள்ளிக்குள் நுழைவதையே விடுதலையாகப் பார்த்தார்கள். ஒரு நிறுவனத்தைச் சலித்துப்போய் விட்டு விலகுகிறவனும் அதற்குள் நுழைய முடியாமல் வாசலில் நிற்கிறவனும் ஒரே மாற்றைக் கனவு காண முடியாது.

அதே வளாகத்தில் வேறொன்றும் நடந்தது. 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கிய சுகாதாரப் பணி, தனியாக ஓர் ஆஸ்பத்திரி கட்டியதோடு நிற்கவில்லை. அரசாங்கச் சுகாதார அமைப்பின் எல்லைக்குள்ளேயே வேலை செய்தது. அந்த அனுபவத்திலிருந்து 1964இல் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் ஒரு நிறுவனம் உருவாகி, அரசாங்கத்தின் சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்தது. கல்வியில் ஒதுங்கி நின்று கட்டியவர்கள், சுகாதாரத்தில் அரசாங்க அமைப்பின் உள்ளே கைவிட்டு வேலை பார்த்தார்கள். பொது அமைப்பை அசைத்தது இரண்டாவதுதான். அசைத்த திசை பற்றி வேறு விமர்சனம் எனக்கு உண்டு. ஃபோர்டு அறக்கட்டளையின் பணம், மக்கள்தொகைக் கட்டுப்பாடு என்ற சொல்லாடல், ஏழைப் பெண்ணின் உடல் அரசாங்கத்தின் இலக்கு எண்ணாக மாறியது எல்லாம் அந்தக் காலக் குடும்பநலத் திட்டத்தின் வரலாற்றில் சேர்த்தே பேசவேண்டியவை. உள்ளே நுழைந்துவிட்டதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. ஆனால் எது நுழைகிறது, எது ஒதுங்குகிறது என்ற வேறுபாட்டை ஆத்தூர் நமக்குக் காட்டுகிறது.

3

‘நல்லது ஒன்று பக்கத்தில் வந்தால் கெட்டது போட்டியில் திருந்தும்’ என்பது சந்தைக்காரர்களின் வாதமும்கூட. இதைச் சந்தேகித்தவர் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். வெளியேறுதல், குரல் எழுப்புதல், விசுவாசம் ஆகிய மூன்றையும் பற்றி 1970இல் அவர் எழுதிய புத்தகத்துக்கு நைஜீரிய ரயில்வேதான் தூண்டுதல். ரயில் மோசமாக ஓடியது. லாரிப் போக்குவரத்து போட்டிக்கு வந்தது. ரயில் திருந்தியிருக்க வேண்டுமே, ஏன் திருந்தவில்லை? சரக்கு சேதமானால் சண்டை போடக்கூடிய, மேலிடத்துக்குப் புகார் எழுதக்கூடிய வாடிக்கையாளர்கள்தான் முதலில் லாரிக்குப் போனார்கள். மிஞ்சியவர்களுடைய குரல் எடுபடவில்லை. நஷ்டத்தை அரசாங்கக் கஜானா தாங்கிக்கொண்டது. மாற்று இருந்ததே பழையது கெட்டுப்போன நிலையிலேயே நிம்மதியாகத் தொடரக் காரணமாயிற்று.

நம்மூர் ஆரம்பப் பள்ளிக்கு இதைப் பொருத்திப் பார்க்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். தலையாரி வீட்டுப் பிள்ளையும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையும் வாத்தியார் வீட்டுப் பிள்ளையும் வேனில் ஏறி இங்கிலீஷ் மீடியத்துக்குப் போன அன்றைக்கே, ‘என்ன சார், ஒரு வாரமா ஸ்கூல் பக்கமே ஆளைக் காணோம்?’ என்று கேட்கிற குரலும் அந்த வேனில் ஏறிப் போய்விட்டது. மிஞ்சியது கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடத்துக்கு அரசாங்கமே கட்டணம் கட்டும் என்றபோது, வெளியேறுவதற்கான செலவையும் பொது நிறுவனமே ஏற்றுக்கொண்டதாக ஆயிற்று. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் பிள்ளைகளை அரசாங்கப் பள்ளியில் சேர்க்கவேண்டும் என்று 2015இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. அந்த நீதிபதி தொட்டது ஹிர்ஷ்மன் தொட்ட அதே நரம்பைத்தான்.

நமது முற்போக்கு நண்பர்கள் இந்த இடத்தில் தனியார் பள்ளிகளைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நகர விடக்கூடாது. தேர்வு இல்லாத, பிரம்பு இல்லாத, தோட்டமும் மண்பானையும் உள்ள மாற்றுப் பள்ளிகளில் நம்மில் சிலர் பிள்ளைகளைச் சேர்க்கிறோம். அந்தப் பள்ளிகளின் கல்விமுறை மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோரை ஊர்ப் பள்ளியிலிருந்து அப்புறப்படுத்துகிற விஷயத்தில் கான்வென்டுக்கும் அவற்றுக்கும் என்ன வித்தியாசம்? வேன் வேறு, போகிற ஆள் ஒன்றுதானே.

அரசாங்கமும் இப்போது மாற்றின் மொழியைக் கற்றுக்கொண்டுவிட்டது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. தன்னார்வலர்கள், பெரும்பாலும் படித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மாலை வகுப்பு எடுத்தார்கள். அந்தப் பெண்களின் உழைப்பைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அரசாங்கம் தன் பள்ளிக்குப் பக்கத்திலேயே தன்னுடைய மாற்றைத் தானே நடத்துகிறது, அதையும் ஆயிரம் ரூபாய்க்கு நடத்துகிறது என்றால், 1990களின் அறிவொளி இயக்கம் வளர்த்த தொண்டு என்ற கருத்து எங்கே வந்து நிற்கிறது என்று யோசிக்க வேண்டாமா?

4

இதுவரை பேசியது விரும்பி வெளியேறியவர்களின் மாற்று. விரட்டப்பட்டவர்களுக்கு என்று கட்டப்பட்ட மாற்றைப் பற்றி நமது கோட்பாட்டாளர்கள் அதிகம் பேசுவதில்லை. தனிக் கிணறு, தனிச் சுடுகாடு, தனிப் பள்ளி, தனி மேல்நிலைத் தொட்டி. இவையும் ‘பக்கத்தில் இன்னொன்று’தான். சென்னை மாகாணத்தில் 1920களில் தொழிலாளர் துறை தலித் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் நடத்தியது எதனால்? பொதுப் பள்ளி என்று பெயர்ப்பலகை இருந்த இடத்தில் சேர்க்க மறுத்தார்கள். மறுத்தவர்களோடு அரசாங்கம் மோதியிருக்க வேண்டும். மோதாமல் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டது. பிள்ளைகள் படித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் மறுத்த பள்ளி மறுத்தபடியே நிம்மதியாக இருந்தது.

அம்பேத்கர் இதைத் தெளிவாகப் பார்த்தார். 1927இல் மகாதில் அவர் தண்ணீர் எடுக்கப் போனது எல்லோருக்கும் உரியது என்று நகரசபை அறிவித்திருந்த பொதுக்குளத்தில். தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பது மட்டுமே பிரச்சினையாக இருந்திருந்தால் புதிதாக ஒரு கிணறு வெட்டுவது சுலபமான வழி. 1932இல் காந்தியாரின் தீண்டாமை ஒழிப்பு அமைப்பு தொடங்கியபோதும், பொதுக்கிணற்றிலும் பொதுப் பள்ளியிலும் உரிமையை நிலைநாட்டுவதில் முழுப் பலத்தையும் போடுங்கள் என்று தக்கருக்குக் கடிதம் எழுதினார். அந்த அமைப்பு நலப்பணியின் பக்கம் போயிற்று. இதே அம்பேத்கர்தான் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும் அடுத்த வருஷம் சித்தார்த்தா கல்லூரியையும் தொடங்கியவர். ஆகவே, தனி நிறுவனம் கூடாது என்பது அவர் நிலைப்பாடு ஆகாது. கல்லூரி கட்டிய கை பொதுக்குளத்தின் மீதிருந்த உரிமையைக் கைவிடவில்லை என்பதுதான் விஷயம்.

உரிமையைக் கைவிட்டுக் கட்டிய ‘தனி’ என்ன செய்யும் என்பதற்கு வேங்கைவயலைவிடக் கொடூரமான சாட்சி வேண்டாம். 2022 டிசம்பரில் அங்கே தலித் குடியிருப்புக்குத் தண்ணீர் போகும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. யார் செய்தது என்ற வழக்கின் போக்கும் அதன் மீதான சர்ச்சையும் ஒருபுறம் இருக்கட்டும். ஒரே ஊரில் இந்தத் தண்ணீர் இவர்களுக்கு மட்டும்தான் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிற ஒரு தொட்டி இருந்ததே, அதை நலத்திட்டம் என்று சொல்லித்தானே கட்டினார்கள்?

இந்தப் பின்னணியில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்கு வருவோம். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ முந்நூறு பள்ளிகள். தொடக்கம் இனிமையானதல்ல. குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிரமலைக் கள்ளர்களைக் கைரேகை வைக்கச் சொன்னார்கள். எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. சுட்ட அரசாங்கமே ‘சீரமைப்பு’ என்று சொல்லிக்கொண்டு பள்ளிகளைத் திறந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் கண்காணிப்பின் ஒரு பகுதியாக இருந்தது. ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பற்றிப் படித்தவர்களுக்கு இது அச்சு அசலான உதாரணம். ஆனால் ஒரு நூற்றாண்டில் மக்கள் அந்தப் பள்ளிகளைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்ட பிறகும் பள்ளிகள் நின்றன. இன்று அவற்றில் மற்ற சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி முதலியவற்றையெல்லாம் பள்ளிக்கல்வித் துறையின்கீழ் கொண்டுவருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நாங்குநேரியில் தலித் மாணவர் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும் 2024இல், பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக்கூடாது, எல்லாம் ஒரே துறையின்கீழ் வரவேண்டும் என்று பரிந்துரைத்தது. எதிர்ப்பும் கிளம்பியது. ‘எங்க முன்னோர் ரத்தம் சிந்திய வரலாறு இந்தப் பேர்ல இருக்கு’ என்றார்கள். எதிர்ப்பு முழுவதையும் சாதி வெறி என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். அதே சமயம், ஒடுக்குமுறையின் நினைவு இன்னொருவரை ஒடுக்குகிற சாதியின் பெருமைப் பலகையாகவும் மாறக்கூடியது என்பதைச் சொல்லாமல் விடுவது கோழைத்தனம்.

சந்துரு குழுவின் திசை சரியானது என்பது என் கட்சி. ஆனால் வரிசை முக்கியம். ஆதிதிராவிடர் நலப் பள்ளியின் பெயரை முதலில் எடுத்துவிட்டு, ஊர்ப் பொதுப் பள்ளியில் தலித் பிள்ளையைக் கக்கூஸ் கழுவச் சொல்வதும் கையில் சாதிக் கயிறு கட்டிவந்து மிரட்டுவதும் அப்படியே இருந்தால், அந்தப் பிள்ளை இருந்த நிழலையும் இழக்கிறது. பொதுப் பள்ளி திறந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் தனிப் பள்ளியைக் கரைக்க வேண்டும். பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடிப்பது ஒரு நாள் வேலை. மற்றது அப்படியல்ல.

5

அப்படியானால் பக்கத்தில் கட்டிப் பொதுவை மாற்றிய உதாரணமே இல்லையா? இருக்கிறது. சுயமரியாதைத் திருமணம். 1928இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாமல் நடந்த திருமணம் ஒரு மாற்றுச் சடங்கு, அவ்வளவுதான். 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. ‘கோர்ட் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும், நம்ம ஆளுக நமக்குள்ள பண்ணிக்குவோம்’ என்று இயக்கம் ஒதுங்கியிருந்தால் அது ஒரு சிறு குழுவின் வழக்கமாகச் சுருங்கியிருக்கும். ஒதுங்கவில்லை. ஒவ்வொரு கல்யாண மேடையும் சட்டத்தின் மீது தொடுத்த வழக்காக இருந்தது. அண்ணா அரசாங்கம் 1967இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து, முன்பு நடந்த திருமணங்களையும் சேர்த்துச் செல்லும் என்று ஆக்கியது. இயக்கத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு ஜோடியும் இன்று அந்தச் சட்டத்தின் நிழலில் நிற்கலாம். புரோகிதர் போய்விடவில்லை. ஆனால் அவர் இல்லாமல் திருமணம் இல்லை என்ற அதிகாரம் போய்விட்டது.

இலக்கியத்தில் ‘எழுத்து’ பாதி தூரம் போனது. 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள். வெகுஜனப் பத்திரிகைக்கும் பண்டிதத் தமிழுக்கும் பக்கத்தில் கட்டிய சிறு கொட்டகை அது. புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் இடம் கொடுத்தது. செல்லப்பா கொட்டகைக்குள் உட்கார்ந்துகொண்டு ஊரைச் சபிக்கவில்லை. புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். எந்தத் தமிழ்த்துறைகளோடு சண்டை போட்டாரோ அவற்றின் வாசலுக்கே போனார். பலன் கிடைத்தது: புதுக்கவிதை பாடத்திட்டத்துக்குள் வந்தது. எம்.ஏ. தமிழில் அது எங்களுக்குப் பாடம். ஆனால் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ‘புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்’, ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண். எதை ஏன் நல்ல கவிதை என்கிறாய் என்ற ‘எழுத்’தின் விடாப்பிடியான கேள்வியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, கவிதையை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டது தமிழ்த்துறை. அதன் பின் வந்த சிறுபத்திரிகைகள் பலவும் பையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலுக்குப் போவதைக் கேவலமாக நினைத்தன. உள்ளே போகாதது பெருமை ஆயிற்று. பல்கலைக்கழகத்துக்கு அது ரொம்ப சௌகரியம்.

இந்த நான்கு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது: மாற்று நிறுவனம் தன் தரத்தால் பொது நிறுவனத்தைத் திருத்துவதில்லை. அதைக் கட்டியவர்கள் பொது நிறுவனத்தின் மீதான உரிமையைத் தொடர்ந்து கோருகிறவரைதான் அது அழுத்தமாக வேலை செய்கிறது. கோருவதை நிறுத்திய கணத்தில், ஒன்று அது விழுங்கப்படுகிறது, அல்லது ஒதுங்கிய இடத்தில் சுகமாகிவிடுகிறது. ‘அதான் அங்கிட்டு ஒண்ணு இருக்குல்ல’ என்று பொது நிறுவனம் கைகழுவ அதுவே சாக்காகிவிடுகிறது.

‘சண்டை முடியும்வரை என் பிள்ளை படிக்காமல் இருக்க முடியுமா?’ என்று ஒரு தாய் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. முடியாது. அதனால்தான் மாலை நேரப் பள்ளி நடத்துகிற தோழர்களை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் மாலைப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளின் அம்மாக்களில் எத்தனை பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள்? ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை என்பது கடைசி கிராமசபைக் கூட்டத்தில் தீர்மானமாக வந்ததா? அந்த ஆசிரியர் வந்துவிட்டால் உங்கள் மாலைப் பள்ளியை மூடத் தயாரா, அல்லது ஆண்டுவிழாவுக்கு அச்சடித்த அழைப்பிதழ் தடுக்குமா?